கிளாடியா கார்டினாலேயின் குரல் எங்கே போனது? இத்தாலிய டப்பிங் பற்றி ஓர் எளிய விளக்கம்

இத்தாலியத் திரைப்பட நடிகை கிளாடியா கார்டினாலே பற்றிப் பேச்சு வந்தால் ஒரு தகவலும் கூடவே வரும்: ஆரம்பப் படங்களில் அவருக்கு வேறொருவர்தான் குரல் கொடுத்தார். இது உண்மைதான். ஆனால் இதைக் கேட்டவுடன் பலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: அவருக்கு வசனம் பேச வரவில்லை, முகத்தை வைத்து ஒப்பேற்றிவிட்டார்கள் என்று. இது பெரிய அநியாயம். அந்தக் காலத்து இத்தாலியில் முகம் ஒரு துறை, குரல் இன்னொரு துறை. பெரிய நடிகர், சின்ன நடிகர், தெருவிலிருந்து கூட்டிவந்தவர் என்று பலரும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தார்கள். அது எப்படி நடந்தது என்று தெரிந்தால், அந்தப் படங்களில் அவர் செய்த வேலையின் அளவும் தெரியவரும்.

துனிஸிலிருந்து ரோமுக்கு

கார்டினாலே பிறந்தது இத்தாலியில் அல்ல. 1938 ஏப்ரல் 15 அன்று, துனிஸ் நகரை ஒட்டிய லா குலெத் துறைமுகப் பகுதியில் பிறந்தார். துனீசியா அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. அப்பா ரயில்வே ஊழியர். குடும்பத்தின் வேர் சிசிலித் தீவில். வீட்டில் சிசிலிய மொழி, பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் அரபு. ரோமிலும் ஃபுளோரன்ஸிலும் பேசும் இத்தாலிய மொழி இந்தப் பட்டியலிலேயே இல்லை. அதைப் படத்தில் நடிக்க வந்த பிறகுதான் கற்றார்.

1957-இல் துனீசியாவின் மிக அழகான இத்தாலியப் பெண் என்ற போட்டியில் வென்றார். பரிசு, வெனிஸ் திரைப்பட விழாவுக்கு ஒரு பயணம். அங்கே தயாரிப்பாளர்கள் கண்ணில் பட்டார். ரோமில் உள்ள அரசுத் திரைப்படப் பள்ளியான சென்ட்ரோ ஸ்பெரிமென்டாலேயில் சேர்ந்து, படிப்பை முடிக்காமலே வெளியேறினார். பிறகு தயாரிப்பாளர் ஃபிராங்கோ கிறிஸ்டால்டியின் வீடெஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டார். மாதச் சம்பளம், எந்தப் படம், என்ன தோற்றம் எல்லாம் நிறுவனத்தின் முடிவு. பாலியல் வன்முறையால் கருவுற்று 1958-இல் லண்டனில் அவர் பெற்ற மகனைக்கூட, பல ஆண்டுகள் தம்பி என்றே வெளியுலகுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. தன் வாழ்க்கையையே தன் வாயால் சொல்ல முடியாதிருந்த பெண் அவர். குரல் பற்றிய கதையை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

'டப்பிங்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேலை

கல்யாண வீடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். மணமேடையில் சிரிப்பு, பேச்சு, குழந்தை அழுகை, மைக் இரைச்சல் எல்லாம் இருந்திருக்கும். கையில் வந்த வீடியோவில் அது எதுவும் கேட்காது. எடிட்டர் அதை நீக்கிவிட்டு ஒரு பாட்டைப் போட்டிருப்பார். பார்ப்பது அன்று நடந்தது, கேட்பது பிறகு சேர்த்தது. அந்தக் கால இத்தாலியப் படமும் அடிப்படையில் இப்படித்தான். பாட்டுக்குப் பதில் பேச்சு, அவ்வளவுதான்.

குழப்பம் வருவது 'டப்பிங்' என்ற சொல்லால். அதற்குள் மூன்று வேறு வேலைகள் இருக்கின்றன. நடித்தவரே பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்து தன் வசனத்தை மறுபடி பேசுவது முதல் வகை. இதை மறுபதிவு என்று வைத்துக்கொள்வோம். அதே மொழியில், நடித்தவருக்குப் பதில் வேறொருவர் பேசுவது இரண்டாவது. இது இரவல் குரல். முடிந்த படத்தை வேறு மொழிக்குக் கொண்டுபோவது மூன்றாவது, இது மொழிமாற்றம். நாம் டப்பிங் படம் என்று சாதாரணமாகச் சொல்வது மூன்றாவதை. கார்டினாலேக்கு நடந்தது இரண்டாவது. இத்தாலியப் படத்தின் இத்தாலியப் பிரதியிலேயே இரவல் குரல்.

இந்த மூன்றுக்கும் எதிரே நிற்பது சிங்க் சவுண்ட்: படம் எடுக்கும்போதே பதிவாகும் பேச்சை அப்படியே படத்தில் வைப்பது.

ஏன் இத்தாலியில் மட்டும் இவ்வளவு?

முதல் காரணம் முசோலினி அரசு. வெளிநாட்டு மொழி பேசும் படத்தைத் திரையிடக் கூடாது என்று 1930-இல் உத்தரவு வந்தது. 1933-இல் இன்னொரு சட்டம், மொழிமாற்றத்தை இத்தாலிக்குள்ளேயே செய்ய வேண்டும் என்றது. ஹாலிவுட் படம் ஓட வேண்டுமென்றால் ரோமில் ஆள் பிடித்துப் பேச வைத்தாக வேண்டும். சில வருடங்களில் ரோமில் நல்ல டப்பிங் கூடங்களும் தேர்ந்த மேடைக் குரல்களும் சேர்ந்துவிட்டன. லாரல்-ஹார்டி நகைச்சுவை ஜோடியின் ஆலிவர் ஹார்டி பேசுகிறார் என்று இத்தாலியர்கள் ரசித்தது ஆல்பெர்ட்டோ சோர்தியின் குரலை. அவர் பின்னாளில் நாட்டின் பெரிய நகைச்சுவை நடிகரானார். வெளிநாட்டுப் படத்துக்காக உருவான இந்தத் திறமை உள்நாட்டுப் படத்துக்கும் கைகொடுத்தது.

இரண்டாவது காரணம் போர். 1937-இல் திறந்த சினெசித்தா ஸ்டுடியோ, போரின் முடிவில் அகதிகள் முகாமாகிவிட்டது. இயக்குநர்கள் தெருவில் இறங்கினார்கள். டிராம் ஓடும் தெருவில் வசனத்தைச் சுத்தமாகப் பதிவு செய்ய முடியாது. அதற்கான கருவிக்குக் காசும் இல்லை. அதனால் படத்தை மட்டும் எடுத்து, பேச்சைப் பிறகு சேர்த்தார்கள். உண்மைக்கு மிக நெருக்கமானது என்று நாம் கொண்டாடும் நியோரியலிசப் படங்களும் இப்படித்தான் உருவாயின. 1948-இல் வந்த 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் தகப்பனாக நடித்த தொழிலாளி லம்பெர்ட்டோ மாஜொரானிக்கு இரவல் குரல்தான்.

அடுத்தது கூட்டுத் தயாரிப்பு. 1949-இல் இத்தாலியும் பிரான்ஸும் ஒப்பந்தம் செய்தபின், ஒரே படத்தில் இரு நாட்டு நடிகர்களும் நடித்தார்கள். ஒருவர் பிரெஞ்சில் கேட்பார், மற்றவர் இத்தாலியத்தில் பதில் சொல்வார். எந்த மொழியில் வெளியிட்டாலும் யாராவது ஒருவருக்கு இரவல் குரல் தேவைப்பட்டது.

இவற்றோடு வட்டார வழக்கும் சேர்ந்துகொண்டது. இத்தாலி ஒரே நாடானதே 1861-இல்தான். 1950-களிலும் பலருக்கு வீட்டு மொழி வட்டார மொழியே. டப்பிங் கூடத்துக் குரல்கள் பேசியதோ எந்த ஊர்ச் சாயலும் இல்லாத, சீராகத் தீட்டிய இத்தாலியம். நாயகி என்றால் அப்படித்தான் பேசுவாள் என்று ரசிகர்களின் காதும் பழகிவிட்டது. கார்டினாலேயின் குரல் தாழ்ந்தது, கரகரப்பானது, பிரெஞ்சு வாடை அடிப்பது. அழகிக்கு இந்தக் குரல் பொருந்தாது என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள்.

சுருக்கமாக: சட்டம் ஒரு தொழிலை உருவாக்கியது, போர் அதை வழக்கமாக்கியது, கூட்டுத் தயாரிப்பு அதைத் தவிர்க்க முடியாததாக்கியது. அவருடைய குரல் இந்த மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

படப்பிடிப்பில் என்ன நடக்கும்

ஃபிலிம் கேமரா நொடிக்கு 24 பிரேம் ஓடும். ஒவ்வொரு பிரேமையும் ஒரு கொக்கி இழுத்து நிறுத்துகிறது. தையல் மெஷின் ஓடுவதுபோல் கடகடவென்று சத்தம் வரும். சிங்க் சவுண்ட் வேண்டுமானால் கேமராவைச் சத்தம் அடக்கும் கனத்த உறைக்குள் வைக்க வேண்டும். மைக் நிழல் விழாமல் பார்க்க வேண்டும்; விமானம் பறந்தால் மறுபடி எடுக்க வேண்டும். மறுபதிவு என்று முடிவு செய்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவுமில்லை. கேமரா எடை குறையும், எங்கே வேண்டுமானாலும் போகும்.

இயக்குநர் ஷாட் நடுவிலேயே கத்தலாம்: "இப்போ திரும்பு, மெதுவா, கண்ணைத் தாழ்த்து!" ஃபெலினி இதில் பேர்போனவர். வசனம் இன்னும் எழுதி முடிக்காத காட்சியில், நடிப்பவர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லியே எடுத்திருக்கிறார். உதடு அசைந்தால் போதும், வசனம் பிறகு வரும்.

அங்கே ஒலியைப் பதிவு செய்யாமலும் விடமாட்டார்கள். ஒரு கரடுமுரடான பதிவு நடக்கும். தமிழ் சினிமாவில் பைலட் ட்ராக் என்று சொல்வதுதான் அது. யார் எப்போது என்ன பேசினார் என்று பிறகு பார்த்துக்கொள்ள மட்டும் அது பயன்படும், தியேட்டருக்குப் போகாது.

டப்பிங் கூடத்துக்குள்

படம் எடிட் ஆனதும் அதைச் சில வசனங்கள் கொண்ட சின்னத் துண்டுகளாகப் பிரிப்பார்கள். ஒரு துண்டின் தலையையும் வாலையும் ஒட்டினால் வளையம். புரொஜெக்டரில் மாட்டினால் அதே துண்டு நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடும். இதற்கு லூப் என்று பெயர். இத்தாலியர் 'அனெல்லோ' என்பார்கள், மோதிரம் என்று பொருள். 35 மில்லிமீட்டர் ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். அப்படியானால் 60 அடி லூப் ஒரு சுற்றுக்கு 40 நொடி.

கூடம் இருட்டாக இருக்கும். முன்னே திரை, பேசுபவர் முன் ஒரு சாய்மேசை, அதில் வசனத்தாள், தாளின் மேல் மட்டும் விழும் சின்ன விளக்கு, ஒரு மைக். முதல் சுற்றில் பைலட் ட்ராக்கைக் கேட்பார். அடுத்த சுற்றில் முணுமுணுத்துப் பார்ப்பார். மூச்சு எங்கே எடுக்கிறாள், எந்தச் சொல்லில் தலை திரும்புகிறது என்று குறித்துக்கொள்வார். பிறகு டேக். டப்பிங் இயக்குநர் உணர்ச்சியைக் கவனிப்பார்; பக்கத்தில் ஓர் உதவியாளர் உதட்டை மட்டும் கவனிப்பார். ஒரு பிரேம் என்பது நொடியில் 24-இல் ஒரு பங்கு. மூன்று நான்கு பிரேம் பிசகினாலும் பார்ப்பவருக்கு உறுத்தும்.

இதற்கு முன்பே வசனத்தை உதட்டுக்கு ஏற்றபடி ஒருவர் திருத்தி எழுதியிருப்பார். அவருடைய தலைவலி எல்லாம் உதடு ஒட்டும் எழுத்துகளால்தான். கண்ணாடி முன் நின்று 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடும். 'தங்கை' என்று சொல்லுங்கள், மூடாது. 341-ஆம் குறளை உதடே ஒட்டாமல் சொல்லி முடிக்கலாம் என்று பள்ளியில் சொல்லித் தருவார்களே, அதே சங்கதி. நடிகை 'அம்மா' என்று பேசிய இடத்தில் 'தங்கை' என்று டப்பிங் செய்தால், மூடிய உதட்டுக்குள்ளிருந்து சத்தம் வருவதுபோல் இருக்கும். க்ளோசப்பில் இதற்குத் தப்ப வழியே இல்லை. முதுகு காட்டிப் பேசும் ஷாட்டிலோ வசனத்தையே மாற்றிவிடலாம். கதையில் ஓட்டை இருந்தால் அங்கேதான் அடைப்பார்கள்.

கடைசியில் மிக்ஸிங். பேச்சு ஒரு ட்ராக், இசை ஒரு ட்ராக், காலடி, கதவு, கண்ணாடிக் கோப்பை போன்ற சத்தங்கள் ஒரு ட்ராக். பேச்சைத் தவிர மற்ற இரண்டையும் தனியே கலந்து வைப்பார்கள். பிரான்ஸில் வாங்குபவர் அதன்மேல் பிரெஞ்சுப் பேச்சை ஏற்றிக்கொள்வார். ஒரே படம் மூன்று மொழியில் ஒரே நேர்த்தியோடு கிடைப்பது இதனால்தான்.

சுருக்கமாக: வசனத்துக்கு எவ்வளவு நேரம், எங்கே இடைவெளி, எங்கே தயக்கம் என்பதெல்லாம் படப்பிடிப்பில் நடிகையே முடிவு செய்தது. குரல் தருபவர் அந்த அளவுக்குள் தன்னைப் பொருத்திக்கொள்கிறார். நடிப்பின் தாளம் நடிகையுடையதே. இரவல் குரல் என்றவுடன் நடிப்பே இரவல் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் கவனிப்பதில்லை.

எங்கே பிசகும்

உதடு பொருந்தாததைவிட அதிகம் காட்டிக்கொடுப்பது தூரம். ஆள் வயலின் மறுகோடியில் நிற்பார், குரல் காதோரம் கேட்கும். கூடத்தில் மைக் ஒரு கை தூரத்தில் இருந்ததை மிக்ஸிங்கில் சரிசெய்யாமல் விட்டால் இப்படி ஆகும். அடுத்தது மூச்சு: ஓடிவந்து நிற்பவளின் பேச்சில் இரைப்பு இருக்காது, ஏனென்றால் பேசியவர் ஓடவில்லை. சிரிப்பும் அழுகையும் மிகக் கடினம். இரண்டுக்கும் தாள் உதவாது. இன்னொன்று, நல்ல குரல்கள் குறைவு. அவர்களுக்கு வேலை அதிகம். லிதியா சிமோனெஸ்கியைப் போன்ற ஒருவரின் குரல் பல நடிகைகளின் வாயிலிருந்து ஒலித்தது. தொடர்ந்து பத்துப் படம் பார்ப்பவருக்கு எல்லாப் பெண்களும் அக்கா தங்கை போலத் தோன்றிவிடும்.

'இ சோலித்தி இன்யோத்தி': குரல்களின் கலாட்டா

1958-இல் மரியோ மொனிசெல்லி எடுத்த இந்தத் திருட்டு நகைச்சுவையில் கார்டினாலேக்குச் சின்ன வேடம்: கண்டிப்பான சிசிலிய அண்ணன் வீட்டில் பூட்டி வைத்திருக்கும் கார்மெலினா. சிசிலிய மொழி கேட்டு வளர்ந்தவருக்கு, சிசிலியப் பெண் வேடத்தில் வேறொரு குரல்! அண்ணனாக நடித்த திபெரியோ முர்ஜியா சிசிலிக்காரரே இல்லை, சார்தீனியத் தீவுக்காரர். அவருக்கும் இரவல் குரல். கும்பலில் உள்ள கிழவராக வரும் கார்லோ பிசகானே நேப்பிள்ஸ்காரர். திரையில் அவர் பேசுவது பொலோன்யா வழக்கு. இன்னொரு நடிகைக்குக் குரல் கொடுத்தவர் அப்போது புகழ்பெறாத மோனிகா விட்டி. அவரும் கரகரத்த குரல்காரர். 1957-இல் அன்டோனியோனியின் 'இல் கிரீதோ' படத்துக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் இயக்குநரின் கவனத்துக்கு வந்தார். 1960-இல் அவருடைய நாயகியே ஆனார். ஒருவருக்கு வாசல் திறந்த அதே கரகரப்பு, இன்னொருவருக்குத் தடையாக இருந்திருக்கிறது. இந்த இரண்டு வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது மனம் கனக்கத்தான் செய்கிறது.

1963: ஒரே பெண், இரண்டு குரல்

விஸ்கோந்தியின் 'இல் கத்தோபார்தோ' ('தி லெபர்ட்' என்று நம்மில் பலர் அறிந்தது), ஃபெலினியின் '8½' இரண்டிலும் கார்டினாலே ஒரே காலகட்டத்தில் நடித்தார். ஒருவர் கருங்கூந்தலைக் கேட்டார், மற்றவர் வெளிர்கூந்தலை; மாறி மாறிச் சாயம் போட்டார். விஸ்கோந்தியின் செட்டில் நாடக மேடைபோல் அமைதி, ஒவ்வொரு அசைவும் முன்பே தீர்மானித்தது. ஃபெலினியின் செட்டில் சந்தைக்கடை இரைச்சல்.

பலெர்மோவின் கஞ்சி அரண்மனையில் எடுத்த நடனக் காட்சி, முக்கால் மணி நேரத்துக்கு நெருங்கி நீள்கிறது. கோடை வெப்பத்துக்குப் பயந்து இரவு இரவாக எடுத்தார்கள். ஆஞ்சலிகாவாக வரும் கார்டினாலே, இளவரசராக நடிக்கும் பர்ட் லங்காஸ்டரோடு ஆடுகிறார். இத்தாலியப் பிரதியில் இருவர் குரலும் அவர்களுடையதல்ல; லங்காஸ்டருக்குப் பேசியவர் கொராதோ கைபா. ஆனால் நடனத்துக்கு அழைக்கும்போது அவள் கண்ணில் வரும் துணிச்சல், தாழ்ந்து நிமிரும் கழுத்து, ஏழைக் குடும்பத்து ரத்தம் புதுப் பட்டுக்குள் மூச்சுவிடும் விதம், இவற்றை எந்த டப்பிங் கூடமும் சேர்த்திருக்க முடியாது. அந்த ஆண்டு கான் விழாவில் படம் தங்கப் பனை வென்றது.

'8½' படத்தில்தான் அவர் இத்தாலிய மொழியில் முதன்முறையாகத் தன் சொந்தக் குரலில் ஒலிக்கிறார். மற்றவர்கள் குறையென்று ஒதுக்கிய கரகரப்பே ஃபெலினிக்குத் தேவையாக இருந்தது. அடுத்து வந்த கொமென்சினியின் 'லா ரகத்ஸா தி பூபே' படத்திலும் சொந்தக் குரல். அதற்கு 1965-இல் இத்தாலியத் திரைப் பத்திரிகையாளர்கள் தரும் நாஸ்த்ரோ தார்ஜென்தோ விருது, சிறந்த நடிகைக்கானது, கிடைத்தது.

அதோடு இரவல் குரல் முடிந்துவிடவில்லை. 1968-இல் செர்ஜியோ லியோனே எடுத்த 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' படத்தின் இத்தாலியப் பிரதியில் மறுபடி வேறொருவர் பேசினார். லியோனேயின் முறை அப்படி. எனியோ மோரிகோனே முன்பே போட்டிருந்த இசையைப் படப்பிடிப்பிலேயே ஒலிக்கவிட்டு நடிக்கச் சொன்னார். சிங்க் சவுண்டில் இது நடக்காது. ரயில் நிலையத்தில் கார்டினாலே நடித்த ஜில் இறங்கிக் காத்திருந்து, யாரும் வரவில்லை என்று உணர்ந்து ஊருக்குள் நடக்கும் காட்சியில், கேமரா கூரையைத் தாண்டி எழுவதும் இசை எழுவதும் ஒன்றாக நிகழ்கின்றன. அங்கே குரலே தேவைப்படவில்லை.

சுருக்கமாக: சொந்தக் குரல் கிடைத்ததும் போனதும் அவருடைய திறமையை வைத்து நடந்ததல்ல. ஒவ்வொரு இயக்குநரும் ஒலியை எப்படிக் கையாண்டார் என்பதைப் பொறுத்தது.

பிறகு 1982-இல் ஹெர்ஸாக்கின் 'ஃபிட்ஸ்கரால்டோ', 1984-இல் 'கிளரெத்தா' என்று தொடர்ந்து நடித்தார். 1993-இல் வெனிஸ் விழா வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் தந்தது. 2025 செப்டம்பர் 23 அன்று பிரான்ஸில், 87 வயதில் காலமானார்.

நீங்களே கேட்டுப் பார்க்க

இரண்டு மாலைகள் ஒதுக்கினால் போதும். முதல் நாள் '8½', இத்தாலிய ஒலியில். இறுதிப் பகுதியில் நாயகனாக நடித்த மாஸ்ட்ரோயானியும் கார்டினாலேயும் இரவில் காரில் போய் ஒரு வெறிச்சோடிய முற்றத்தில் நிற்பார்கள். கார்டினாலே பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள்: தாழ்ந்த சுருதி, சொல்லின் முடிவில் லேசான உரசல். மறுநாள் 'இல் கத்தோபார்தோ', அதுவும் இத்தாலிய ஒலியில். ஆஞ்சலிகா முதன்முதலில் விருந்துக்கு வரும் காட்சியில் வாயையும் குரலையும் தனித்தனியே கவனியுங்கள். பிறகு ஒலியை அடைத்துவிட்டு அதே காட்சியை இன்னொரு முறை ஓடவிடுங்கள். அப்போது திரையில் மிஞ்சுவது முழுக்க முழுக்க கார்டினாலே.